காலையில் ஓடாத மிஷின்

"மிஷின் தப்பு பண்ணாதும்மா. கைதான் தப்பு பண்ணும்" என்றார் சூப்பிரண்டெண்ட்.

நான் வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவர் கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்பதைப் போலத்தான் சொன்னார். எனக்கும் அது உறைக்கவில்லை. அந்த நாட்களில் எதுவுமே உறைக்கவில்லை. "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு என் மேஜைக்குத் திரும்பினேன்.

எழுபதுகளின் நடுவில், காஞ்சிபுரத்தில், பயிர் விளைச்சலைக் கணக்கெடுக்கும் ஒரு சின்ன அரசு அலுவலகம் அது. சுற்றுப்பட்டு ஊர்களில் ஏதாவது ஒரு வயலைத் தேர்ந்தெடுத்து, அதில் ஒரு சதுரத்தைக் கயிறு போட்டு அளந்து, அந்தச் சதுரத்தில் விளைந்ததை மட்டும் அறுத்து, எடை போட்டு, சீட்டில் எழுதி அனுப்புவார்கள். அந்தச் சீட்டுகளைச் சேர்த்து ஊருக்கு ஊர் சராசரி போடுவது எங்கள் வேலை. அதற்கென்று ஒரு கணக்கு மிஷின் இருந்தது. கரண்ட் இல்லாமல் கையால் சுற்றுவது. முன்னால் வரிசையாக நெம்புகோல்கள். அவற்றைக் கீழே இழுத்து எண்ணை வைக்க வேண்டும். வலது பக்கத்தில் ஒரு கைப்பிடி. முன்பக்கம் சுற்றினால் கூட்டும், பின்பக்கம் சுற்றினால் கழிக்கும். விடை, சின்னச் சின்ன ஜன்னல்களில் வந்து நிற்கும். கறுப்பு நிறம், நல்ல கனம்.

எனக்கு முன்னால் அந்த மிஷினில் வேலை செய்தவர் என் கணவர். மஞ்சள் காமாலை வந்து பதினொரு நாள் படுத்திருந்தார். பன்னிரண்டாம் நாள் இல்லை. நான் பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்தேன் என்பதால் அவர் வேலையை எனக்குத் தருவதாகச் சொன்னார்கள். உத்தரவு வர ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு வருடமும் மிஷினை யாரும் தொடவில்லை. மற்றவர்களுக்கு அதில் பழக்கமில்லை. காகிதத்தில்தான் கணக்குப் போட்டார்கள். நான் போனபோது காக்கித் துணி உறை போட்டு மூடியே இருந்தது. உறையை எடுத்தபோது, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து நெம்புகோல்களுக்கு மேலே ஒட்டியிருந்தன.

"உங்க வீட்டுக்காரர் கையில வெண்ணெயாட்டம் ஓடும்மா இது" என்றார் பியூன். ஐம்பது வயது இருக்கும் அவருக்கு. என்னிடம் அன்பாகப் பேசிய முதல் ஆள் அவர்தான். "வேற யார் சுத்தினாலும் மொரண்டு பண்ணும். அவரு தொட்டா சத்தமே வராது."

மூடியின் உட்புறம் ஒட்டியிருந்த அட்டையில் படம் போட்டு முறை எழுதியிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டேன். கார்த்திகை முழுக்க ஓரளவு ஒழுங்காகவே ஓடியது. மார்கழி பிறந்ததும் ஆரம்பித்தது தொல்லை.

முதல் நாள், கைப்பிடி பாதிச் சுற்றில் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பலம் கொடுத்துச் சுற்றக்கூடாது என்று அட்டையில் எழுதியிருந்ததால் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அரைமணி கழித்துத் தொட்டேன், சுற்றியது. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அதைவிட மோசம். கைப்பிடி சுற்றியது, ஆனால் விடை தப்பாக வந்தது. ஒன்பதோடு ஒன்றைக் கூட்டினால் இந்த ஜன்னலில் சைபர் வந்து, பக்கத்து ஜன்னலில் ஒன்று ஏற வேண்டும் அல்லவா? சைபர் வந்தது, ஒன்று ஏறவில்லை. எனக்கு என் மேலேயே நம்பிக்கை இல்லாததால், மிஷினில் போட்டதை முடிந்தவரை காகிதத்திலும் ஒருமுறை போட்டுப் பார்ப்பேன். அதனால்தான் தெரிந்தது. இல்லாவிட்டால் ஓரிக்கை வயல் விளைச்சல் குறைந்து மேலே போயிருக்கும்.

சூப்பிரண்டெண்டிடம் சொன்னேன். மெட்ராசிலிருக்கும் மெக்கானிக்குக்குக் கார்டு எழுதினார். நான்கு நாள் கழித்து மெக்கானிக் வந்தார். பஸ் பிடித்து வந்து சேரும்போது மணி பன்னிரண்டரை. தோல் பையைத் திறந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நூறு தடவை சுற்றிப் பார்த்தார். ஒருமுறைகூட நிற்கவில்லை.

"நல்லாத்தானேம்மா ஓடுது" என்றார்.

"காலையில நின்னுடுச்சிங்க."

"இப்ப ஓடுதே."

அவர் போனபிறகுதான் சூப்பிரண்டெண்ட் மிஷினைப் பற்றியும் கையைப் பற்றியும் அப்படிச் சொன்னார். மறுநாள் காலை அது மறுபடியும் நின்றது.

அன்று ஒரு பழைய நோட்டை எடுத்துக் கோடு போட்டு எழுத ஆரம்பித்தேன். எந்த நேரத்தில் நின்றது, எந்தக் கணக்கில் நின்றது, எந்த நெம்புகோல், எத்தனையாவது சுற்று. ஏதோ பெரிய யோசனை செய்து எழுதினேன் என்று சொல்ல மாட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தால் கை மடியிலேயே கிடக்கும், ஏதாவது எழுத வேண்டியிருந்தது. வீட்டுக்கு வரும் பெண்களெல்லாம் "அழுதுடு, அழுதாத்தான் ஆறும்" என்பார்கள். அழுகை வரவில்லை. சோறு தின்றேன், பஸ் ஏறினேன், குழந்தையைத் தூங்க வைத்தேன். என்னிடம் பேசுகிறவர்களின் குரல் பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல் கேட்கும்.

மிஷினில் மட்டும் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். காய்ந்த சந்தனத்தைக் கொண்டை ஊசியால் சுரண்டி எடுத்தேன். பிரயோஜனம் இல்லை. மேஜையின் ஒரு கால் கட்டையாக இருந்தது. காகிதத்தை மடித்துச் செருகினேன். மறுநாளும் நின்றது. அலுவலகத்துக்குப் பின்னால் பட்டு நூல் சுற்றும் வீடு ஒன்று இருந்தது, அங்கிருந்து வரும் பஞ்சு உள்ளே போயிருக்குமோ என்று பிரஷ்ஷால் துடைத்தேன். கொஞ்சம் வந்தது. ஆனால் நிற்பது நிற்கவில்லை. என் இடது கைதான் எதையோ தப்பாக அழுத்துகிறதோ என்று, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கச் சுற்றினேன். பியூன் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

ஒருநாள் மேஜையையே நகர்த்திக் கிழக்கு ஜன்னலுக்கு அருகே போட்டுக்கொண்டேன். அன்று பதினொரு மணிக்கே ஓட ஆரம்பித்தது. அதற்கு அடுத்த நாள் மேகமூட்டம், தூறல். அன்று சாயங்காலம்வரை ஓடவே இல்லை. இரண்டையும் நோட்டில் எழுதினேன். எழுதியதைப் படித்துப் பார்க்கவில்லை.

மெக்கானிக் இரண்டாம் தடவை வந்தார். அன்றும் நடுப்பகல். அன்றும் ஓடியது. வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒரு ஸ்பிரிங்கை மாற்றினார். சூப்பிரண்டெண்ட் அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, வந்து என் எதிரில் நின்றார்.

"தை மாசத்துலேர்ந்து நீ தபால் பிரிவுக்குப் போயிடும்மா. ஸ்டாம்பு ஒட்டறது, பதிவு பண்றது. அது உனக்குச் சுலபமா இருக்கும். இந்த வேலைக்கு வேற ஆள் கேட்டு எழுதறேன்."

"சரிங்க சார்."

அவர் நல்ல மனிதர்தான். எனக்கு உபகாரம் செய்வதாகவே நினைத்தார். எனக்கும் எந்த நாற்காலியானாலும் ஒன்றுதான் என்று தோன்றியது. ஆனால் பஸ்ஸில் போகும்போது, என் கணவர் உட்கார்ந்த நாற்காலியில் நான் மூன்று மாதம்கூட உட்காரவில்லை என்ற கணக்கு மனசில் ஓடியது. துக்கமாக இல்லை. கணக்காகத்தான் ஓடியது.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. எங்கள் வீடு ஓரிக்கையில். நல்ல பனி. கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்து, குழந்தையும் எழுந்ததும், அதற்குத் தலை வார என்னைக் கூப்பிட்டார் அத்தை, என் கணவரின் அம்மா. எனக்கு அப்போது தலைக்கு எண்ணெய் வைக்கிற பழக்கமே விட்டுப்போயிருந்தது. அதனால் எண்ணெய் சீசா எங்கே இருக்கிறதென்றுகூட எனக்குத் தெரியாது. அத்தைதான் மாடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

"எண்ணெ உறைஞ்சி கல்லாட்டம் இருக்குது பாரு. இத்த வெயில்ல கொண்டுபோய் வை. பாப்பா தலைக்கு வெக்கணும்."

சீசாவைக் கொண்டுபோய்க் கிணற்றுக் கட்டையில் வைத்தேன். வைத்துவிட்டு வந்திருக்கலாம். அங்கேயே நின்றேன். உள்ளே எண்ணெய் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. வெயில் படப்பட ஓரத்தில் கண்ணாடிபோல் தெளிந்தது. அப்புறம் நடுவிலிருந்த கட்டி மிதந்தது. அப்புறம் அதுவும் கரைந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது.

"இன்னாமே, எண்ணெய எடுத்தார இவ்ளோ நேரமா?" என்று அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்கு முந்தின வருடம், சித்திரை மாதம். என் கணவர் ஆபீசுக்குக் கிளம்பிச் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்தா, கொஞ்சம் தேங்கா எண்ணெ சீசாவுல ஊத்திக் குடு" என்றார்.

"தலைக்குத்தான் வெச்சிக்கினீங்களே. ஆபீசுல எதுக்கு?"

"எனக்கில்ல. மிஷினுக்கு. கிறீச்சு கிறீச்சுனு கத்திக்கினு இருக்குது."

இருமல் மருந்து காலியான சின்ன சீசா ஒன்றைக் கழுவி, துடைத்து, எண்ணெயை ஊற்றி, மூடியை இறுக்கித் துணியில் சுற்றிக் கொடுத்தேன். பைக்குள் சாய்ந்து கொட்டிவிடக் கூடாது என்று சாப்பாட்டு டப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்ததும் நான்தான்.

குழந்தைக்குத் தலை வாரி முடித்ததும் நோட்டை எடுத்துப் படித்தேன். நின்றதெல்லாம் காலை. பதினொன்றரைக்கு மேல் ஒன்று இரண்டுதான், அதுவும் மழை மூடின நாட்கள். ஜன்னல் பக்கம் போட்ட அன்று சீக்கிரம் ஓடியது. மெக்கானிக் வந்த இரண்டு நாளும் மதியம். வேறு காரணமே இல்லை. சித்திரை வெயிலில் ஊற்றியபோது வெண்ணெயாகத்தான் ஓடியிருக்கும். அதற்கடுத்த மார்கழியில் அவரும் இல்லை, மிஷினும் மூடிக் கிடந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மிஷினைப் புரட்டி, அடித்தகட்டின் திருகாணிகளைக் கழற்றினேன். பியூன் அண்ணனே கத்தி கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே பல் சக்கரங்களுக்கு நடுவில் வெள்ளையாக, மெழுகுபோல் படிந்திருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தேன். பழைய எண்ணெயின் காறல் வாடை. வேறு ஒன்றும் இல்லை. அவரைப் பற்றிய வாடை ஏதாவது வரும் என்று ஒரு நிமிடம் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. வரவில்லை.

தகட்டை மூடிவிட்டு யோசித்தேன். பேசாமல் இருந்துவிட்டால் தை மாதம் தபால் பிரிவு. சொன்னால், அந்த ஆபீசில் அவரைப் பற்றி எல்லோரும் சொல்லிவந்த ஒரே பெருமை, அந்த மிஷினை அவர் ஓட்டிய விதம், அதுவும் போய்விடும். அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பேன். எந்தப் பக்கமும் மனசு சாயவில்லை. கடைசியில், தப்பு விடைகள் மேலே போய்க்கொண்டிருக்கின்றன என்பது மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. எழுந்து சூப்பிரண்டெண்டின் அறைக்குப் போனேன்.

"சார், கொஞ்சம் வந்து பாருங்க."

கழுத்தில் மப்ளரோடு வந்தார். அவர் கையாலேயே சுற்றச் சொன்னேன். பாதியில் நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினார், நகரவில்லை. என்னைப் பார்த்தார். நானும் பியூனும் மிஷினைத் தூக்கிக்கொண்டுபோய் முற்றத்து வெயிலில் ஒரு பெஞ்சின் மேல் வைத்தோம். அவர் தன் அறைக்குப் போய்விட்டார். முக்கால் மணி கழித்துக் கூப்பிட்டேன். மறுபடி சுற்றினார். தங்கு தடையில்லாமல் சுற்றியது.

"இன்னாம்மா இது?"

"உள்ள தேங்கா எண்ணெ சார். பனிக்கு உறைஞ்சிடுது."

"யார் ஊத்தினது?"

"எங்க வீட்டுக்காரர். நான்தான் சீசாவுல ஊத்திக் குடுத்தேன்."

பியூன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சூப்பிரண்டெண்ட் கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை. இன்னும் இரண்டு சுற்று சுற்றினார். பிறகு பியூனை டீ வாங்கிவர அனுப்பினார். அவர் தெருவில் இறங்கியதும், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அவன் என்னைக் கேட்டான்மா. மிஷின் எண்ணெ வேணும்னு எழுதியே குடுத்தான். ரெண்டு தடவ. நான்தான் மேல அனுப்பல. ஒரு சீசா எண்ணெக்கு எதுக்குக் காயிதம்னு டிராயர்ல போட்டுட்டேன்."

பதில் சொல்ல வேண்டும் என்று அவர் காத்திருந்தது தெரிந்தது. "பரவாயில்லைங்க சார்" என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யாகவும் இருந்திருக்காது, மெய்யாகவும் இருந்திருக்காது. டீ வந்தது. மூன்று பேரும் வெயிலில் நின்றபடியே குடித்தோம்.

அன்று மதியமே கார்டு எழுதினார். என்ன விஷயம் என்று விவரமாக எழுதியிருப்பார் போலிருக்கிறது. மெக்கானிக் இந்தத் தடவை முதல் பஸ்ஸில் வந்து, ஒன்பதரைக்கே வாசலில் உட்கார்ந்திருந்தார். முற்றத்தில் பழைய செய்தித்தாளை விரித்து, மிஷினைப் பிரித்துப் பாகம் பாகமாகப் பரப்பினார். ஒரு பேசினில் கெரசின் ஊற்றி ஒவ்வொரு சக்கரத்தையும் ஊறப்போட்டார். அன்று முழுக்க எனக்கு வேறு வேலை இல்லாததால் நானும் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ் போட்டேன். கெரசின் பழுப்பாகிக் கலங்கியது. இரண்டு தடவை மாற்றினோம்.

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணுமே" என்றேன். குறையாகச் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"தெரிஞ்சிருக்கணும்மா. அடித்தகட்ட நான் கழட்டவேயில்ல. ஓடற மிஷின எவன் கழட்டுவான்?" என்றார். கொஞ்ச நேரம் ஒரு பல் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். "எத்தினியோ ஊர்ல பார்த்துக்கினுதான் இருக்கேன். ஒரு ஆபீசுல நல்லெண்ணெ, ஒரு ஆபீசுல வெளக்கெண்ணெ. ஒரு ஆள் நெய்யே ஊத்தியிருந்தான். உங்க வீட்டுக்காரரு சுத்தமான எண்ணெயாத்தான் ஊத்தியிருக்காரு. பல்லு ஒண்ணுகூடத் தேயல."

அவர் ஆறுதலாகச் சொன்னாரா, தொழில் விஷயமாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. மத்தியானம் அவருக்கு என் சாப்பாட்டில் பாதியைக் கொடுத்தேன். வேண்டாமென்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டார். சாயங்காலத்துக்குள் திருப்பிப் பூட்டி, தன் பையிலிருந்த மெல்லிய மிஷின் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மீதி இருந்த சீசாவை என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை நல்ல பனி. பத்து மணிக்கு உட்கார்ந்து சுற்றினேன். ஓடியது. ஒன்பதோடு ஒன்றைக் கூட்டினேன், பக்கத்து ஜன்னலில் ஒன்று ஏறியது. தபால் பிரிவைப் பற்றி அதற்குமேல் யாரும் பேசவில்லை.

மார்கழியில் காலை வேளைகளில் போட்ட கணக்கையெல்லாம் திரும்பப் போட வேண்டியிருந்தது. நோட்டில் நேரம் இருந்ததால் எவை என்று பிரிப்பது கஷ்டமாக இல்லை. நான் காகிதத்தில் சரிபார்க்காமல் அனுப்பியவை சில இருந்தன. அவற்றில் நான்கு ஊர்களுக்குத் தப்பு. திருத்திய பட்டியலை சூப்பிரண்டெண்ட் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பினார். அதற்கு எந்தப் பதிலும் வரவில்லை.

பிறகு அந்த அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்தேன். அந்த வருடத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்கு இந்த ஒன்றரை மாதம்தான் தெளிவாக இருக்கிறது. எந்த நாள் எத்தனை மணிக்கு மிஷின் நின்றது என்பதைக்கூடச் சொல்லிவிடுவேன். அதே வருடம் மாசி மாதத்தில் குழந்தைக்கு அம்மை போட்டதாம். ஒன்பது நாள் நான் லீவு போட்டு, வேப்பிலையும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேனாம். அத்தை சொல்லித்தான் தெரியும். குழந்தையின் நெற்றியில் இரண்டு தழும்பு இருக்கிறது, அதனால் நடந்ததுதான். எவ்வளவு யோசித்தாலும் எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.